கடையைக் காலி செய்விக்கும் உரிமை: தமிழ்நாட்டு வாடகைச் சட்டங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று

1. கேள்வி

1986 வரை தமிழ்நாட்டில் ஒரு விசித்திரம் நிலவியது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்து ஒரு வீட்டில் குடியிருந்தவருக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. உரிமையாளர் சாதாரண உரிமையியல் வழக்கில் அவரை வெளியேற்றிவிடலாம். அதே தெருவில் பல ஆயிரம் ரூபாய் வாடகைக்குக் கடை நடத்தியவருக்கோ முழுப் பாதுகாப்பு இருந்தது. 1960ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தின் 30(ii) பிரிவு இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்று நீக்கியது. வீட்டில் குடியிருப்பவர்களில் ஒரு பகுதியினரைக் கைவிட்டுவிட்டுக் கடைக்காரர்கள் எல்லோரையும் காப்பதற்கு என்ன நியாயம் என்ற கேள்விக்கு அரசிடம் ஏற்கத்தக்க பதில் இல்லை.

அந்தத் தீர்ப்பு பாகுபாட்டைத்தான் நீக்கியது. அதற்குப் பின்னால் இருந்த கேள்வியைத் தொடவில்லை. வணிக வாடகைதாரரைச் சட்டம் ஏன் காக்க வேண்டும்? வீட்டு வாடகைதாரரைக் காப்பதற்கான காரணம் வெளிப்படையானது: தலைக்கு மேல் கூரை. கடைக்காரரிடம் காக்கப்பட வேண்டியது கூரையா, முதலீடா, பிழைப்பா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமலேயே தமிழ்நாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் கடைக்காரரைக் காத்தது. பிறகு, விடை சொல்லாமலேயே, 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பின் பெரும்பகுதியை விலக்கிக்கொண்டது. உரிமையாளரின் வெளியேற்றும் உரிமை எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதை அந்த இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

2. இரண்டு வழக்கமான பார்வைகள்

வாடகைக் கட்டுப்பாடு பற்றி எழுதுவோர் பொதுவாக இரண்டு அணியினர். ஒரு அணிக்கு அது போர்க்காலத்தில் பிறந்து, போர் முடிந்தும் சாகாமல் நின்ற அவசர ஏற்பாடு. இரண்டாம் உலகப்போரின்போது ஆணைகளாகத் தொடங்கியது, சென்னை மாகாணத்தில் 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960இல் நிலைபெற்றது. சொத்துக்காரரின் சொத்தை அரசு செலவில்லாமல் இன்னொருவருக்குக் கொடுத்தது என்பது இவர்களின் வாதம். மும்பையில் நாற்பதுகளின் வாடகையில் உறைந்து கிடந்த கட்டடங்களை இவர்கள் எப்போதும் சுட்டுவார்கள். மல்பே விசுவநாத் ஆச்சாரியா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றமே அந்த உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்று கூறியது அவர்களுக்கு வலுச் சேர்த்தது.

மற்ற அணிக்கு அது சமூகநலச் சட்டம். பலம் குறைந்தவரைப் பலம் மிகுந்தவரிடமிருந்து காப்பது. கடைக்காரரின் பிழைப்பு உயிர்வாழும் உரிமையோடு தொடர்புடையது என்பது இவர்களின் அடிப்படை.

இரண்டு வாதங்களும் தமிழ்நாட்டு நிலைமைக்கு நேராகப் பொருந்துவதில்லை. வாடகை உறைதல் என்ற மும்பைப் பிரச்சினை இங்கே அதே வடிவில் இருந்ததில்லை. சமூகநலம் என்ற வாதமோ, பல கிளைகள் கொண்ட நிறுவனமும் படிக்கட்டுக்கு அடியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரும் ஒரே பிரிவின்கீழ் ஒரே பாதுகாப்பைப் பெற்றார்கள் என்ற உண்மையின் முன் தடுமாறுகிறது.

3. 1960ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரிடம் கேட்டவை

பழைய சட்டத்தின் இதயம் அதன் 10ஆம் பிரிவு. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பது மட்டும் வெளியேற்றத்துக்குக் காரணமாகாது; சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றை வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். சென்னையில் அது சிறுவழக்குகள் நீதிமன்றம், பிற ஊர்களில் மாவட்ட முன்சீப். இந்த வாடகைக் கட்டுப்பாட்டு மனுவைக் குறிக்கும் 'ஆர்.சி.ஓ.பி.' என்ற நான்கெழுத்துச் சுருக்கம் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லானது. தனபால் செட்டியார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, குத்தகையை முடித்துவைக்கும் தனி அறிவிப்புகூட இதற்குத் தேவையில்லை என்று 1979இல் தீர்த்தது. அதன் மறுபக்கம் என்னவென்றால், ஒப்பந்தம் என்ற ஒன்றே ஏறக்குறையப் பொருளற்றுப்போனது. வாடகைதாரர் ஒப்பந்தத்தால் அல்லாமல் சட்டத்தால் கடையில் இருந்தார்.

காரணங்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஒன்று வாடகைதாரரின் தவறு: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல், கட்டடத்தைச் சேதப்படுத்துதல், உரிமையாளரின் உரிமையையே மறுத்தல் முதலியவை. மற்றது உரிமையாளரின் தேவை: சொந்த வணிகம், கூடுதல் இடம், பழுதுபார்ப்பு, இடித்துக் கட்டுதல்.

முதல் குடும்பத்தில் அதிகம் புழங்கியது வாடகை பாக்கி. அங்கே 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல்லின் மீது எத்தனையோ வழக்குகள் நடந்தன. சுந்தரம் பிள்ளை வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை தந்தது: உரிமையாளர் அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் கழிந்தும் பாக்கியைத் தராவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படும், அறிவிப்பு இல்லாதபோது சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். இதில் ஒரு சுவையான முடிச்சு உண்டு. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கத் தடை விதித்தது. கடைத்தெருவில் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணம். தடையை மீறி வாங்கிய கூடுதல் அட்வான்ஸ் உரிமையாளரின் கையில் கிடக்கும்போது வாடகைதாரரை வேண்டுமென்றே தவறியவர் என்று சொல்லலாமா? நரசிம்ம ராவ் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் வாடகைதாரரின் பக்கம் நின்றது. சட்டத்தை மீறி வாங்கிய பணமே வாடகைதாரருக்குக் கேடயமானது.

இரண்டாவது குடும்பம்தான் நம் கேள்விக்கு முக்கியம். வாடகைதாரர் எந்தத் தவறும் செய்யாதபோது அவரை வெளியேற்ற எவ்வளவு காரணம் போதும்? 10(3)(a)(iii) பிரிவு, உரிமையாளரோ அவர் குடும்பத்தினரோ நடத்திவரும் வணிகத்துக்கு இடம் தேவைப்பட்டால் கேட்கலாம் என்றது. ஆனால் அதே ஊரில் அவருக்குச் சொந்தமான வேறு வணிகக் கட்டடத்தை அவர் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கக் கூடாது. 'நடத்திவரும்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் முதன்முதலாகக் கடை வைக்க விரும்பும் மகனுக்கு இடமே கிடைக்காது. ஆகவே, ஆயத்தங்கள் செய்திருந்தாலே போதும் என்று நீதிமன்றங்கள் தளர்த்தின. குடும்பத்தினர் யார் என்பதையும் சட்டமே வரையறுத்தது: துணைவர், மகன், மகள், பேரப்பிள்ளை, உரிமையாளரைச் சார்ந்து வாழும் பெற்றோர். தம்பிக்கோ மருமகனுக்கோ கடை கேட்க முடியாது. தமிழ்க் குடும்பங்களின் வணிக நடைமுறையை அறிந்தவர்கள் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். மருமகன்கள் வைத்த கடைகள் நம் ஊர்களில் கொஞ்சமல்ல.

தேவை இருப்பது போதாது, அது நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்பதை ஹமீதியா ஹார்ட்வேர் ஸ்டோர்ஸ் வழக்கு 1988இல் உறுதி செய்தது. உரிமையாளர் வாடகைக் கட்டடத்தில் தொழில் செய்கிறார், தனக்குச் சொந்தக் கட்டடம் வேறில்லை என்று காட்டியதும் வெளியேற்ற ஆணை தானாக வந்துவிடாது. 10(3)(e) பிரிவின்படி கோரிக்கையின் நேர்மையையும் நிறுவ வேண்டும். இங்கேதான் பழைய சட்டத்தின் பலமும் பலவீனமும் ஒன்றாகக் கிடக்கின்றன. நீதிமன்றம் அளந்தது உரிமையாளரின் மனத்தை. அவருக்கு உண்மையிலேயே தேவையா, அல்லது வாடகை உயர்த்தும் தந்திரமா? குறுக்கு விசாரணை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கும். கடை போனால் வாடகைதாரர் என்ன ஆவார் என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை. அந்த ஒப்பீடு சட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: ஒரு பகுதியில் ஏற்கெனவே இருக்கும் உரிமையாளர் கூடுதல் இடம் கேட்கும் 10(3)(c) பிரிவில். வாடகைதாரரின் கஷ்டம் உரிமையாளரின் நன்மையை விஞ்சினால் மனுவைத் தள்ளலாம் என்றது அது. முழுக் கட்டடத்தையும் சொந்தத் தொழிலுக்குக் கேட்டால் அந்தத் தராசு கிடையாது.

4. காலம் என்ற மூன்றாவது தரப்பு

மனத்தை அளக்கும் சோதனைக்குக் காலம் எதிரி. வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, மேல்முறையீட்டு அதிகாரி, உயர் நீதிமன்றச் சீராய்வு, சில வேளை உச்ச நீதிமன்றம், கடைசியில் நிறைவேற்று மனு. இதற்குள் கடை கேட்ட மகன் வேறு வேலைக்குப் போயிருப்பான். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த கயா பிரசாத் வழக்கு இதற்கு நல்ல சான்று. மருத்துவரான மகனுக்கு மருத்துவமனை வைக்க இடம் கேட்டுத் தொடங்கிய வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. இடையில் மகன் அரசு மருத்துவப் பணியில் சேர்ந்துவிட்டார். தேவை தீர்ந்துவிட்டதே என்றார் வாடகைதாரர். வழக்கு தொடுத்த நாளின் தேவையைத்தான் பார்க்க வேண்டும், நீதிமன்றத் தாமதத்துக்காக உரிமையாளரைத் தண்டிக்கக் கூடாது என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தர்க்கம் சரிதான். ஆனால் அதன் விளைவாக, இப்போது யாருக்கும் உண்மையில் தேவைப்படாத இடத்துக்காக ஒரு தொழில் காலி செய்யப்படலாம்.

எதிர்ப்பக்கத்திலும் காலம் வேலை செய்தது. வாடகைதாரர் இறந்தாலும் பாதுகாப்பு இறக்கவில்லை. அவரோடு தொழிலில் தொடர்ந்து ஈடுபட்டிருந்த வாரிசுக்கு அது போனது. டெல்லியிலிருந்து வந்த கியான் தேவி ஆனந்த் வழக்கில் வணிக வாடகை வாரிசுரிமையாகும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் பொதுவாகவே ஏற்றது. மூன்றாம் தலைமுறைக் கடைக்காரர் மூன்றாம் தலைமுறை உரிமையாளரோடு வழக்காடுவது நம் பழைய கடைவீதிகளில் புதிதன்று.

5. நியாய வாடகை என்னும் சுற்றுவழி

பழைய சட்டம் உரிமையாளரின் கைகளை முற்றாகக் கட்டிப்போட்டது என்ற எண்ணம் பரவலானது. அது பாதி உண்மை. 1973இல் திருத்தப்பட்ட 4ஆம் பிரிவின்படி, வணிகக் கட்டடத்தின் நியாய வாடகை அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 12 விழுக்காடு, குடியிருப்புக்கு 9. மொத்த மதிப்பு என்பதில் கட்டடத்தின் தேய்மானம் போக மீதியும் மனையின் சந்தை மதிப்பும் அடங்கும். சந்தை மதிப்பு என்ற அந்த இரண்டு சொற்கள் மும்பைக்கும் சென்னைக்கும் இடையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கின. ராவல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த வாடகையைவிட அதிகமாகவும் நியாய வாடகை நிர்ணயிக்கலாம், உரிமையாளரும் அதற்கு மனுச் செய்யலாம் என்றது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையின் பங்குக்கு வரும் மனை மதிப்பு ஒரு கோடி, கட்டட மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 14.4 லட்சம், மாதம் 1.2 லட்சம் ரூபாய் வாடகை. அதுவரை மாதம் 10,000 கொடுத்துவந்தவர் என்றால் பன்னிரண்டு மடங்கு. நியாய வாடகை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதால், வழக்கு ஐந்தாண்டு நடந்தால் வித்தியாசம் மட்டும் 66 லட்சம். அதைக் கட்ட முடியாவிட்டால்? வாடகை பாக்கி. அதற்கு மனு. 11ஆம் பிரிவின்படி, பாக்கியைக் கட்டாமல் வழக்கையே நடத்த முடியாது. கட்டாவிட்டால் வெளியேற்ற ஆணை. சொந்தத் தேவையை நிரூபிக்க முடியாத உரிமையாளருக்கு நிலமதிப்பு என்ற வேறு சாவி கிடைத்திருந்தது. வழக்கறிஞர்கள் இதை நன்றாக அறிவார்கள். வெளியேற்ற மனுவையும் நியாய வாடகை மனுவையும் சேர்த்தே போடுவது வழக்கமாக இருந்தது.

ஆகவே 1960ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையில் காத்தது யாரை என்று பார்த்தால், நிலமதிப்பு ஏறாத ஊர்களின் கடைக்காரரையும், ஏறிய ஊர்களில் அந்த ஏற்றத்தைக் கொடுக்கும் சக்தியுள்ள பெரிய வாடகைதாரரையும்தான். சென்னையின் நெரிசலான வீதிகளில் சிறு தொழில் செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு மெல்லியது. கோயில் கடைக்காரருக்கு அதுவும் இல்லை. 1976இல் பொது சமய அறநிலையங்களின் கட்டடங்களுக்கு அரசு விலக்கு அளித்தது. கந்தசாமி செட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கோயிலைச் சுற்றியே வளர்ந்த கடைவீதிகள் கொண்ட தமிழ்நாட்டில் இது சிறிய விலக்கு அன்று.

6. இடித்துக் கட்டுதல்

நிலம் விலையேறிய நகரத்தில் உரிமையாளரின் உண்மையான விருப்பம் பெரும்பாலும் சொந்தக் கடை அல்ல. பழைய ஒற்றை மாடியை இடித்து அடுக்குக் கட்டடம் எழுப்புவது. 14(1)(b) பிரிவு அதற்கு வழி விட்டது: ஒரு மாதத்தில் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்தில் இடித்து முடிப்பதாக உறுதிமொழி தர வேண்டும். கேள்வி, கட்டடம் எவ்வளவு பழுதாக இருக்க வேண்டும் என்பது. சென்னைவாசிகள் கடிகாரத்தோடு சேர்த்தே நினைக்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வாடகைதாரராக நின்ற வழக்கில், கட்டடத்தின் நிலைமையே இடிப்பைக் கோர வேண்டும், லாபகரமாக மறுகட்டுமானம் செய்யும் ஆசை மட்டும் போதாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. பின்னர், விஜய் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதைச் செப்பனிட்டது. உரிமையாளரின் நேர்மையான நோக்கம், கட்டடத்தின் வயதும் நிலைமையும், கட்டுவதற்கான பணவசதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளைக்கே விழுந்துவிடும் நிலையில் இருக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றில் எதுவும் வாடகைதாரரைப் பற்றியதன்று. பழுதுபார்ப்புக்காக வெளியேறினால் திரும்பி வரலாம். மறுகட்டுமானத்துக்காக வெளியேறினால், உரிமையாளர் இடிக்கவே தவறினால் அல்லாமல், திரும்பும் உரிமை இல்லை. முப்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்து அந்த மனையின் மதிப்பை உயர்த்தியவர்களில் அவரும் ஒருவர் என்பதற்குப் புதிய கட்டடத்தில் ஒரு மூலைகூடக் கிடையாது.

7. பிற மாநிலங்கள் வேறாக நினைத்தவை

இது தவிர்க்க முடியாத விதியல்ல என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில், வாடகைதாரர் முக்கியமாக அந்தக் கடை வருமானத்தை நம்பியே வாழ்கிறார், அருகில் தகுந்த வேறு கட்டடமும் இல்லை என்றால், உரிமையாளரின் நேர்மையான தேவைக்காகக்கூட அவரை வெளியேற்ற முடியாது. 11(3) பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு அது. மறுகட்டுமானத்தில் பழைய வாடகைதாரருக்கே முதல் வாய்ப்பு என்பதையும் அச்சட்டம் சொல்கிறது. உரிமையாளரின் மனத்தோடு வாடகைதாரரின் வயிற்றையும் நீதிமன்றம் பார்க்கிறது.

மகாராஷ்டிரம் மறுமுனையிலிருந்து வந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், பன்னாட்டு நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட மூலதனம் கொண்ட கம்பெனிகள் ஆகியோருக்குப் பாதுகாப்பே இல்லை என்றது. பிழைப்புக்கு நடத்தும் கடையையும் நிறுவனத்தின் கிளையையும் அந்தச் சட்டம் பிரித்துப் பார்த்தது. கடை கைமாறும்போது மறைவில் புழங்கிவந்த பகடிப் பணத்தை 56ஆம் பிரிவில் சட்டபூர்வமாக்கியதும் அதே சட்டம்தான். அந்தப் பணத்தின் மீது எனக்குப் பெரிய மோகம் இல்லை. ஆனாலும் இருப்பதை இல்லை என்று பாசாங்கு செய்வதைவிட அது மேல்.

பஞ்சாபும் டெல்லியும் சென்ற பாதை வேறு. அங்கே உரிமையாளருக்கு வணிகக் கட்டடத்தைச் சொந்தத் தேவைக்காகக் கேட்கும் உரிமையே இல்லாதிருந்தது. ஹர்பிலாஸ் ராய் பன்சால் வழக்கு 1995இலும் சத்யவதி சர்மா வழக்கு 2008இலும் அந்தத் தடையைச் சமத்துவத்துக்கு முரணானது என்று நீக்கின. தமிழ்நாட்டில் அந்த உரிமை தொடக்கத்திலிருந்தே இருந்ததால், இந்தத் தீர்ப்புகளை இங்கே ஒரு புரட்சியாக மேற்கோள் காட்டுவது பொருத்தமில்லை.

8. 2017: மனத்திலிருந்து தாளுக்கு

தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் நீங்கியது. நிலுவையிலிருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டத்தின்படியே தொடர்ந்தன. புதிய சட்டத்தில் நியாய வாடகை இல்லை, வாடகை ஒப்பந்தத்தின்படி. எல்லா வாடகைகளுக்கும் எழுத்து வடிவ ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டுக்கும் கடைக்கும் இடையிலான பழைய வேறுபாடுகள் பெரும்பாலும் மறைந்தன.

வெளியேற்றம் பற்றிய 21ஆம் பிரிவு, மேலோட்டமாகப் பார்த்தால் பழைய 10ஆம் பிரிவின் தம்பி போலத் தெரியும். பாக்கி, உள்வாடகை, தவறான பயன்பாடு, மறுகட்டுமானம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அது தரும் பாதுகாப்பு, ஒப்பந்தம் தொடரும் காலத்துக்கானது. ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாவிட்டால் அதே நிபந்தனைகளில் மாதவாரியாக அதிகபட்சம் ஆறு மாதம் ஓடும். பிறகு கேடயம் இல்லை. 21(2)(a) இன்னும் கூர்மையானது: எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றத்துக்குக் காரணம். யாருடைய குற்றத்தால் தவறியது என்பதைச் சட்டத்தின் வாசகம் கேட்கவில்லை. உரிமையாளர் மூன்று மடங்கு வாடகை கேட்டு, வாடகைதாரர் கையெழுத்திட மறுத்தாலும், ஒப்பந்தம் ஏற்படவில்லை என்ற உண்மை ஒன்றுதான்.

தமிழ்நாட்டுக் கடைவீதியின் பழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்க்க, தலைமுறைகளாகப் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி வருகிறோம். பழைய சட்டத்தில் அந்தத் தாள் ஒரு சடங்கு; முடிந்தாலும் எதுவும் மாறாது. புதிய சட்டத்தில் அதே தாள் ஒரு கடையின் ஆயுளை எழுதுகிறது. அலமாரி அடிக்க, குளிர்பதனப் பெட்டி வாங்க, பெயர்ப்பலகை மாட்ட, வாடிக்கையாளரைச் சேர்க்கக் கடன் வாங்கும் ஒருவருக்குச் சட்டம் உறுதியாகத் தருவது பதினோரு மாதம். பெரிய நிறுவனங்கள் ஒன்பது, பன்னிரண்டு ஆண்டு என்று பதிவு செய்த குத்தகையில் இடம் எடுக்கின்றன. அவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு. அடிபடுவது தையற்கடையும் மெஸ்ஸும் செல்போன் பழுது பார்க்கும் கடையும்.

உரிமையாளர் தரப்பின் நியாயத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வாடகைக்கு விட்ட கடை தன் ஆயுளில் திரும்பாது என்ற அச்சம் பல இடங்களைப் பூட்டியே வைத்திருந்தது. ஓய்வூதியம் இல்லாத முதியவருக்கு அந்த ஒரு கடையின் வாடகையே வருமானமாக இருப்பதுண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அச்சத்துக்குப் பதில் சொன்னது. அதைச் சொல்லும்போது மறுபக்கத்துக்கு எதையும் தரவில்லை என்பதே என் குறை.

9. சட்டம் கணக்கிடாத பொருள்

இரண்டு சட்டங்களும் தொடாத ஒன்று இடத்தோடு ஒட்டியிருக்கும் குட்வில். வாடிக்கையாளர் தேடி வருவது அந்த முனையிலுள்ள கடைக்கு. இரண்டு தெரு தள்ளிப் போனால் பாதிப்பேர் வரமாட்டார்கள். அந்த மதிப்பை உண்டாக்கியவர் வாடகைதாரர். அவர் காலி செய்ததும் அதில் ஒரு பகுதி கட்டடத்தோடு தங்கி உரிமையாளருக்குச் சேர்கிறது. அடுத்து வருபவர் அதற்கும் சேர்த்தே அதிக வாடகையும் அட்வான்ஸும் தருகிறார். பழைய சட்டத்தில் இந்த மதிப்புக்குக் கிடைத்த ஒரே வடிவம் வழக்கைச் சமாதானமாக முடிக்கும்போது உரிமையாளர் கொடுத்த தொகை. தாமதமே வாடகைதாரரின் பேர ஆயுதம். அது அசிங்கமான வழி. நேர்மையாக உடனே காலி செய்தவருக்கு ஒன்றும் கிடைக்காது, இழுத்தடித்தவருக்குக் கிடைக்கும். 2019க்குப் பின் அந்த ஆயுதமும் மழுங்கிவிட்டது.

பிற நாடுகள் இதற்கு நேராக ஒரு பெயரும் விலையும் வைத்தன. இங்கிலாந்தில் 1927ஆம் ஆண்டுச் சட்டமே குட்வில் இழப்புக்கு ஈடு தந்தது. அதை நிறுவுவது கடினமாக இருந்ததால், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி முறையை மாற்றியது: வாடகைதாரரின் தவறில்லாமல், இடிப்புக்காகவோ சொந்தப் பயன்பாட்டுக்காகவோ புதுப்பித்தல் மறுக்கப்பட்டால், கட்டடத்தின் வரிமதிப்பை ஒட்டிய தொகை, பதினான்கு ஆண்டு தொழில் நடந்திருந்தால் அதன் இரு மடங்கு. ஆராய்ச்சி வேண்டாம், சாட்சி வேண்டாம், பெருக்கல் போதும். பிரான்சில் 1953 முதல் உள்ள முறை இன்னும் தாராளமானது: குறைந்தது ஒன்பதாண்டுக் குத்தகை, புதுப்பிக்க மறுத்தால் தொழிலின் மதிப்பை ஒட்டிய வெளியேற்ற ஈட்டுத்தொகை. இரண்டு நாடுகளும் உரிமையாளரின் உரிமையைப் பறிக்கவில்லை. அதற்கு விலை வைத்தன.

இந்த எண்ணம் நமக்கு அந்நியமானதன்று. 1921ஆம் ஆண்டு சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், மனையை வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டடம் எழுப்பியவரை வெளியேற்றினால் கட்டடத்துக்கு ஈடு தர வேண்டும் என்றது. 9ஆம் பிரிவில் மனையை விலைக்கு வாங்கும் உரிமையையும் தந்தது. பிற்காலத்தில் அறநிலையங்களின் நிலங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. மனையைத் தானே நேரடியாகக் கையில் வைத்திராமல் முகவர் மூலம் பெட்ரோல் பங்க் நடத்தும் எண்ணெய் நிறுவனத்துக்கு அந்த உரிமை இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சட்டத்தின் தர்க்கம் எளிது: ஒருவர் சேர்த்த மதிப்பை மற்றவர் இலவசமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செங்கல்லுக்கு அந்த நியாயத்தை 1921இலேயே ஏற்ற சட்டமன்ற மரபு, வாடிக்கைக்கு அதை ஒருபோதும் நீட்டவில்லை.

10. எழக்கூடிய மறுப்புகள்

இழப்பீடு வைத்தால் உரிமையாளர் அதை முன்கூட்டியே வாடகையில் ஏற்றிவிடுவார் என்பது பொருளியலாளர் சொல்லும் முதல் மறுப்பு. ஓரளவு ஏற்றுவார். ஆயினும் தொழில் தொடங்கும்போது சிறிது சிறிதாகக் கொடுத்து, வெளியேறும்போது மொத்தமாகப் பெறுவது, ஒன்றுமே பெறாமல் போவதைவிடச் சிறு வணிகருக்கு உகந்தது, ஒருவகையில் காப்பீடு. இரண்டாவது மறுப்பு வலுவானது. இங்கிலாந்தில் இந்தப் பாதுகாப்பைத் தவிர்க்க ஒப்பந்தத்திலேயே விலகிக்கொள்ள அனுமதி உண்டு. இங்கே அந்த அனுமதி தந்தால் எல்லா ஒப்பந்தங்களிலும் அந்த வரி அச்சடிக்கப்பட்டே வரும். தராவிட்டால், உரிமையாளர் இழப்பீட்டுக்குத் தகுதியான காலம் வருமுன்பே ஆளை மாற்றுவார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாடகைதாரரை மாற்றும் வழக்கம் உருவாகிவிடும் அபாயம் உண்மையானது. எனவே தொகை ஒரு வரம்பைத் தாண்டியதும் திடீரென்று முளைக்காமல், முதல் ஆண்டிலிருந்து ஆண்டுக்காண்டு மெல்ல வளர வேண்டும். யாரையும் ஒரு குறிப்பிட்ட நாளுக்குமுன் மாற்றுவதில் லாபம் இருக்கக் கூடாது.

மூன்றாவது, யாருக்கு என்ற கேள்வி. இங்கே மகாராஷ்டிரத்தின் பிரிவினை உதவும்: நிறுவனங்கள் தம் குத்தகையைத் தாமே பேசிக்கொள்ளட்டும், ஈடு, தொழிலை நேரடியாக நடத்தும் சிறு வணிகருக்கு. மறுகட்டுமானத்தில் கேரளத்தின் முதல் வாய்ப்பு விதியைச் சேர்த்தால், உரிமையாளர் இடத்தைத் தர விரும்பினால் தொகையைத் தர வேண்டியதில்லை என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே கடையை நம்பியிருக்கும் முதிய உரிமையாளர் போன்றோருக்குத் தவணை வசதியோ குறைந்த விகிதமோ வைக்கலாம். அட்வான்ஸைப் பிடித்தம் செய்து கணக்கை நேர்செய்வதை மட்டும் அனுமதிக்கக் கூடாது. அது வாடகைதாரரின் பணம், அதைத் திருப்பித் தருவதே ஈடு என்று கணக்குக் காட்டும் வழி அப்போது திறந்துவிடும்.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குத் தனி அத்தியாயம் வேண்டாம். வாடகைதாரரின் தவறில்லாமல் இடம் திரும்பப் பெறப்படும் காரணங்களையும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவதையும் தனியே பிரித்து, அவற்றின் கீழ் ஒரு உட்பிரிவும் ஆண்டு விகிதம் கொண்ட ஒரு அட்டவணையும் போதும். தொகையைக் கணக்கிட வாடகை அதிகாரியின் கையில் ஏற்கெனவே இருப்பவை பதிவான ஒப்பந்தமும் மாத வாடகையும். கூடுதலாக வேண்டியது, அந்த இடத்தில் கடை எத்தனை ஆண்டாக நடக்கிறது என்ற தகவல். இன்று அந்தத் தகவல் பதினோரு மாதத் தாள்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிய வாடகை என்று பதிவதற்குப் பதிலாக, முந்தைய ஒப்பந்தத்தின் பதிவெண்ணைக் குறிப்பிட்டுத் தொடர்ச்சியாகப் பதியும் விதி முதலில் வர வேண்டும்.